மேல யாரு நிக்கா?

கிணறு ஆழப்படுத்தும் தொழிலில், கீழே இறங்குகிறவன் சம்பளம் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்பான்: "மேல கிரேன்ல யாரு நிக்கா?" அதற்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. வேலைக்கு ஆள் சேர்த்து அலைந்தவர்களே, உங்களுக்காவது என் வேதனை புரியும்.

கெட்டிக்காரன்

சங்கரையாவைப் போல் கிரேன் ஓட்ட கோவில்பட்டி வட்டாரத்தில் ஆள் கிடையாது. எண்பதடி ஆழத்திலிருந்து கல் நிறைந்த இரும்புத் தொட்டியைச் சுவரில் உரசாமல் தூக்குவான். வாயைத் திறந்தால் மட்டும் பொய். போன வருசம் செல்போன் பேசிக்கொண்டே தூக்கியதில், கல் விழுந்து கீழே நின்ற செல்லையாவின் தோள் முறிந்தது. "அவன்தான் குறுக்க வந்தான்" என்று கோவில் வாசலில் சத்தியமே செய்துவிட்டான், பாவி.

அதன்பிறகு அவன் நிற்கிற கிணற்றுக்கு ஒருத்தனும் வரவில்லை. தோள் தேறி வந்த செல்லையாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அவன் கையை நம்பி எறங்கலாம் அண்ணாச்சி. ஆனா செத்துப்போனா, எப்படிச் செத்தேன்னு அவன்லா சொல்லுவான்!"

நல்லவன்

கழுகுமலை ரோட்டுக் கிணற்றுக்கு முத்தையாவைப் போட்டேன். அவனுக்குப் பொய் வராது. வேலையும் வராது! முதல் நாளே தொட்டியைச் சுவரில் மோதினான். கீழே நின்ற செல்லையா உட்பட நாலு பேரும் மண்ணில் குளித்தார்கள். "எம்மேலதான் தப்பு, லிவரை மாத்தி இழுத்துட்டேன்!" என்று மேலிருந்து கத்தினான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்களோ மறுநாளும் வந்து நின்றார்கள். செல்லையா சொன்னான்: "தப்பை ஒத்துக்கிடுதாம்லா, அது போதும்."

ஐந்தாவது தலை

மூன்றாம் நாள், உச்சிவெயில். முத்தையா கிரேனை நிறுத்திவிட்டுக் கிணற்றுக்குள்ளேயே பார்த்தான். "அண்ணாச்சி, கீழ அஞ்சு பேரு நிக்காவ."

எட்டிப் பார்த்தேன். நாலு தலைதான். "ஏலே, வெயிலு மண்டையில ஏறிட்டா?"

"இல்ல. அஞ்சாவது ஆளு நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கான்."

கீழே கேட்டுவிட்டது. நாலு பேரும் டிரில்லைப் போட்டுவிட்டுத் தொட்டியில் ஏறி மேலே வந்தார்கள். முத்தையா கிணற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவன் ஏறல" என்றான். செல்லையா சட்டையை மாட்டினான். "சங்கரையா சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம். சொன்னது முத்தையால்லா!"

நான்

கீழே கிடந்தது வாடகை டிரில். ஊற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தனும் இறங்க மாட்டேன் என்றதும் நானே கிளம்பினேன். முத்தையா லிவரைத் தொட வந்தான். ஐயோ, எனக்கு உசிர் பெரிசு! போன் போட்டுச் சங்கரையாவை வரவழைத்தேன்.

தொட்டி பூப்போல இறங்கியது. முழங்கால் தண்ணீரில் நின்று டிரில்லைத் தூக்கும்போது, முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பியது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. "சங்கரையா! கீழ எத்தன பேருலே தெரியுது?"

விளிம்பில் அவன் தலை எட்டிப் பார்த்தது. பிறகு, என்றைக்கும் இல்லாத அன்போடு சொன்னான்: "நீங்க மட்டுந்தான் அண்ணாச்சி."

ஆள் சேர்ப்பவர்களே, கிரேனுக்கு எப்போதும் இரண்டு பேரைப் போடுங்கள்: தூக்குவதற்கு ஒருவன், கீழே யார் நிற்கிறார்கள் என்று சொல்வதற்கு ஒருவன்.