கியோட்டோவில் நான் சொன்ன பதில்

2002 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. கியோட்டோ நகரத்து விடுதியில் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சவரம், குளியல், சட்டைக்கு இஸ்திரி. ஆறே காலுக்குப் பெட்டியைத் திறந்து, மாதிரித் தேயிலைப் பொட்டலங்கள் பன்னிரண்டிலும் ஈரம் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டேன். நீலகிரியில் ஜெகதளா பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் கிளார்க். உடன் வந்திருந்தவர் எங்கள் டீ மேக்கர். இலையை வாட்டுவதிலிருந்து தூளை ருசி பார்ப்பதுவரை அவர் பொறுப்பு.

தேயிலை விலை விழுந்து வருடங்கள் ஆகியிருந்தன. இயந்திரம் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடியது. கியோட்டோ வியாபாரி ஒருவர் மாதாமாதம் வாங்கினால் நடத்துவேன், இல்லாவிட்டால் மூடுவேன் என்று முதலாளி சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பொட்டலங்களில் இருந்தது, ஒரே ஒரு நாள் கையால் கிள்ளிய கொழுந்தில் செய்த தூள். இலை விலை கிள்ளும் கூலிக்குக்கூடக் கட்டாததால், விவசாயிகள் அப்போது முற்றிய இலையையும் சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொண்டுவந்தார்கள். அதில் வரும் தூள் வேறு.

காலையில் கடையில் எங்கள் தூளை ருசி பார்த்த வியாபாரி, மதியம் தன் வீட்டுக்குத் தேநீர் அருந்த அழைத்தார். தோட்டத்துக்குள் சிறு அறை. குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தோம். அவருடைய அக்கா, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரண்டியைத் துணியால் மறுபடி துடைத்தார். பச்சைத் தேயிலைப் பொடியில் வெந்நீர் ஊற்றி மூங்கில் மத்தால் அடித்தார். என் கால்கள் மரத்துப்போயின. கிண்ணம் முதலில் டீ மேக்கரிடம் வந்தது. சொல்லிக் கொடுத்தபடி அதைக் கையில் இருமுறை திருப்பினார். பிறகு தொழிற்சாலையில் செய்வதுபோலச் சர்ரென்று உறிஞ்சினார். கன்னம் உப்பி நின்றது. ருசி பார்க்கிறவர்கள் டீயை விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். அவர் கண்கள் பாயின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய்வந்தன. துப்பப் பாத்திரம் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. டீ மேக்கர் கண்ணை மூடி விழுங்கினார்.

"இத்தன வருசத்துல ருசி பாத்து முழுங்குன மொத டீ இதுதானுங்க" என்று என் காதோரம் முணுமுணுத்தார்.

குடித்து முடித்தபின் விருந்தாளி கேட்க வேண்டும்: கிண்ணம் யார் செய்தது, பொடி எந்தத் தோட்டத்தது என்று. அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலை தாழ்த்திப் பதில் சொன்னார். பிறகு வியாபாரி எங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் கொண்டுவந்த தேயிலை இதேபோல மாதாமாதம் வருமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதை டீ மேக்கருக்குத் தமிழில் சொன்னேன்.

"கத்திரிக்கோல் எலையில இது வராதுங்க கிளார்க்கு. அப்பிடியே சொல்லிப்போடுங்க" என்றார் அவர்.

நான் ஆங்கிலத்தில், "வரும்" என்றேன்.

விடுதி அறைக்குள் வந்ததும் டீ மேக்கர், "எஸ்டேட் இங்கிலீசு எனக்கும் கொஞ்சம் தெரியுமுங்க" என்றார்.

"அறுபது பேரு வேலைங்க" என்றேன்.

"அதுல நானும் ஒருத்தனுங்க. மொத லோடு போயி எறங்குன அன்னிக்கே அந்தம்மா கண்டுபுடிச்சுரும். அப்புறம் நம்ம மலையிலிருந்து எவன் வந்தாலும் கதவத் தொறப்பாங்களா?" ஸ்வெட்டருக்குள் சுற்றிவைத்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் வழக்கமான தூள். "இதையும் காட்டோணும். நானே சொல்லியிருப்பேன். ஆனா நீங்க சொன்னத நீங்கதான் மாத்தோணும்."

வியாபாரி வாங்கவில்லை. தை பிறந்ததும் தொழிற்சாலை மூடப்பட்டது. டீ மேக்கர் கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் மேற்பார்வைக்குச் சேர்ந்தார். ஒருமுறை ஊட்டி பஸ் நிலையத்தில் பார்த்தபோது, "கேரட்டத் துப்பவும் வேண்டாம், முழுங்கவும் வேண்டாமுங்க" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த அறுபது பேரில் சிலர் இன்றும் சந்தையில் எதிர்ப்படுகிறார்கள். நடந்ததை அவர்களிடம் சொன்னதில்லை.

அந்த நவம்பர் பதின்மூன்றாம் தேதி காலை முதல் வேலையாக, எட்டே கால் மணிக்கு, கொழுந்துத் தூள் ஒன்று, வழக்கமான தூள் ஒன்று என இரண்டு பொட்டலங்களோடு வியாபாரியின் கடை வாசலில் நின்றேன். டீ மேக்கர் என் பின்னால் நின்றார். கதவு திறந்தது. வணக்கம் சொல்வதற்கு முன்பே, "நேற்று வரும் என்றது இவர் சொன்ன பதில் இல்லை, நான் சொன்னது" என்றேன்.