கேன்வாஸில் காணாமல் போன கலியமூர்த்தி

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. முறை வந்ததும் ஒவ்வொருவரும் அதே மாதிரி சுவரில் கன்னம் வைத்தார்கள். ஒரு அம்மாள், கன்னத்தில் ஒட்டிய சுண்ணாம்பைக்கூடத் துடைக்காமல் மறுபடியும் போய் வரிசையில் நின்றார்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது... என் புகைப்படத்தை!

எத்தனையோ வருஷமாகப் படம் எடுக்கிறேன். என் படத்துக்கு வரிசை நின்றது அன்றைக்குத்தான். பெருமைப்பட முடிந்ததா என்றால், இல்லை.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – கடலூரில் ஞாயிறு காலையானால் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும் கோஷ்டி ஒன்று உண்டு. ஸ்கூல் டீச்சரான நானும் அதில் ஒருத்தி. ஒரு பல் டாக்டர் இருக்கிறார். சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் பாஸ்கர் இருக்கிறான். இன்னும் சில பேர். துறைமுகம், பீச், பிச்சாவரம் என்று சுற்றுவோம். எடுத்த படங்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஒருவருக்கொருவர் 'சூப்பர்' சொல்லிக்கொள்வோம். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

டாக்டருக்குத்தான் அந்த யோசனை வந்தது. "எத்தன நாளைக்கு நமக்கு நாமே சூப்பர் போட்டுக்கறது? ஒரு எக்ஸிபிஷன் வெப்போம்!"

ஆடி மாசம். முகூர்த்தம் கிடையாது. சிதம்பரத்தில் தெரிந்தவரின் மண்டபம் சும்மாதான் கிடந்தது. சரி, படங்களைச் சாதாரணப் பேப்பரில் போடலாமா? டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கேன்வாஸில் போட்டு, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால்தான் கௌரவமாம்.

கேன்வாஸ் பிரிண்ட் பார்த்திருப்பீர்கள். துணியில் படம் அச்சாகி வரும். அதை மரச் சட்டத்தின் மேல் விரித்து, நான்கு பக்கமும் மடித்து, பின்னால் பின் அடிப்பார்கள். அதனால் மடிப்புக்கென்று சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு அச்சடிக்க வேண்டும். எவ்வளவு இடம்? அது சட்டத்தின் தடிமனைப் பொறுத்தது. மெல்லிய சட்டம் என்று கணக்குப் போட்டு, கடலூர் பிரிண்டிங் கடையில் ஒரு விரல் அகலம் விடச் சொல்லிவிட்டேன். என் வேலை முடிந்தது.

சட்டம் பாஸ்கர் பொறுப்பு.

பாஸ்கருக்கு ஒரு குணம். எதையும் உறுதியாகச் செய்வான். அவன் வீட்டுக் கொடிக்கம்பியில் யானையைக் கட்டலாம். கம்பெனிக்கு வெளிநாட்டு மெஷின் ஏதோ வந்திருக்கிறது. அது வந்த மரப்பெட்டியைத் தூக்கிப்போடப் போனார்களாம். இவன் கேட்டு வாங்கிவிட்டான்.

"அக்கா, ஒரிஜினல் பைன் மரம்க்கா! நாலு வெரல் தடிமன். நம்ம பேரப் புள்ளைங்க காலம் வரிக்கும் நிக்கும்!"

என் படம் யாருடைய பேரப் பிள்ளைகளுக்கும் வேண்டியிருக்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "நாலு விரல்" என்றது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

இப்போது என் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவர் கலியமூர்த்தி. பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. ஒரு நாள் அவர் மனைவி சரோஜா மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து படகில் உட்கார்ந்து, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கேமராவைத் தூக்கியதும் கலியமூர்த்தி கையைக் காட்டினார்.

"ஒரு நிமிஷம் இரு டீச்சர்!"

ஓடிப்போய்ப் பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு வந்தார். அப்புறம் கரையில் நின்று, "படகு ஆடாம நான் கயித்தப் புடிச்சிக்கிறேன், நீ எடு" என்றார். எடுத்தேன். நடுவில் சரோஜா சிரிக்கிறார். இடது ஓரத்தில் கலியமூர்த்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நிற்கிறார். நல்ல படம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது... சொல்லிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று காலை, கடையிலிருந்து லோடு ஆட்டோவில் படங்கள் நேராக மண்டபத்துக்கே வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பேப்பரைப் பிரித்தோம்.

முதலில் டாக்டருடையது. ஸ்ரீமுஷ்ணம் கோபுரம். கோபுரம் இருந்தது, கலசம் இல்லை. விட்ட ஒரு விரல் துணி போதாமல், கடைக்காரர் சட்டத்தைச் சின்னதாக அறுத்துப் படத்தையே மடித்திருக்கிறார்; கலசம் நாலு விரல் சட்டத்தில் ஏறி, மடங்கி, மேல்பக்கமாகப் போய்விட்டது. டாக்டர் படத்தையும் பாஸ்கரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பல் டாக்டர்... அவருக்கே தெரியும், கடிக்கக் கூடாது என்று.

அடுத்து என்னுடையது. படகு இருந்தது. சரோஜா இருந்தார், சிரிப்பும் இருந்தது. படகிலிருந்து கிளம்பிய கயிறு இடது ஓரம்வரை வந்தது. அங்கே ஒரு கை அதைப் பிடித்திருந்தது.

கை மட்டும்!

கை மணிக்கட்டோடு முடிந்தது. கலியமூர்த்தி முழு ஆளாக மடங்கிச் சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விட்டிருந்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த நாலு விரலுக்குள் கச்சிதமாக நின்றார்.

"அக்கா, கை நல்லாருக்குக்கா..." என்றான் பாஸ்கர். "மர்மமா இருக்குது. யாரு கைன்னு ஜனங்க யோசிப்பாங்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவனுடைய படத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்கால வானம், நட்ட நடுவில் ஒரு புகைபோக்கி. இன்னும் பத்து விரல் மடித்திருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நான் பையில் போனைத் தேடினேன். காரணம் இருக்கிறது. கலியமூர்த்தியின் மகளுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். ஆவணி பிறந்ததும் நிச்சயம் என்று பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். ஊரில் எந்த ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தாலும் அதில் அவர் முகம் இருக்குமாம். அவரிடம் கலியமூர்த்தி ஒரு வார்த்தை விட்டிருக்கிறார்: "சிதம்பரத்துல என் போட்டோவ மண்டபத்துலயே மாட்றாங்க!" ஆடியில் நல்ல காரியம் பேசக் கூடாது. போட்டோ பார்க்கலாம் அல்லவா? இரண்டு குடும்பமும் சேர்ந்து வேன் பிடித்து வருவதாக ஏற்பாடு.

போன் போட்டேன்.

"கலியமூர்த்தி, இன்னிக்கு வேணாம்... படத்துல ஒரு சின்ன பிரச்சினை..."

"என்னா டீச்சர்? கேக்கல! வேன்ல பாட்டு ஓடுது! வந்துட்டோம், சிதம்பரத்துக்குள்ள நொழஞ்சி வண்டிகேட்டு தாண்டியாச்சு!"

வந்தே விட்டார்கள். அதே வெள்ளைச் சட்டை. அதே படிய வாரிய தலை. படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. முன்னால் சம்பந்தி, வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு பேனா. பின்னால் சரோஜா, மகள், மாப்பிள்ளையின் அம்மா, சித்தப்பா, அத்தை...

"எங்க, நம்ம போட்டோ எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்த கலியமூர்த்தி படத்தின் முன்னால் நின்றார். பார்த்தார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில்,

"டீச்சர்... நான் எங்க?"

நான் கையைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

"இது யாரு கை?" என்றார் சம்பந்தி.

"என் கைதாங்க."

சம்பந்தி கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். "நல்ல கை" என்றார்.

அத்தையிடமிருந்து ஒரு 'க்ளுக்' கிளம்பியது. கலியமூர்த்தி மண்டபத்தின் கோடிக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கோபித்துக்கொண்ட ஆளைச் சமாளிக்கலாம். இஸ்திரி போட்ட சட்டைக்குள் சுருங்கிப்போன ஆளை என்ன செய்வது? பாஸ்கர் ஓடிப்போய் மோர் வாங்கி வந்து நீட்டினான். அவர் வாங்கவில்லை. கடைசியில் பாஸ்கரே குடித்தான்.

சரோஜா படத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். விரலைப் படகின்மேல் வைத்தார். மெதுவாகக் கயிற்றின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனார். கை வந்தது. விரல் நிற்கவில்லை. ஓரத்தில் திரும்பி, பக்கவாட்டுக்குப் போயிற்று. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தவர், கத்தினார்:

"ஏங்க! இங்க வாங்க! இதோ நிக்கிறீங்க பாருங்க, செவுத்த ஒட்டிகினு!"

நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. கலியமூர்த்தி ஓடிவந்து சுவரில் கன்னம் வைத்துப் பார்த்தார். தலை இருக்கிறது. சட்டை இருக்கிறது. காலில் செருப்புகூட இருக்கிறது!

"முழுசா இருக்கேன்! சம்பந்தி, வாங்க, முழுசா இருக்கேன்!"

சம்பந்தி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு சுவரில் கன்னம் வைத்தார். ஒற்றைக் கண்ணை மூடினார். "ஆமா ஆமா, நீங்கதான். ஜோரா நிக்கிறீங்க..." என்றவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கனம் தாங்காமல் படம் மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருந்தது. அதனால் அவருக்குச் சட்டத்தின் முதுகும் தெரிந்திருக்கிறது.

"என்னா சம்பந்தி இது? உங்களுக்குப் பின்னால கிளாஸ் படம் போட்டிருக்கு?"

"என்னா கிளாஸ்?"

"குடிக்கிற கிளாஸ்! காம்பு வெச்ச கிளாஸ்!" சுவரிலிருந்து கன்னத்தை எடுத்தார். முகம் மாறிவிட்டது. "பொண்ணு எடுக்கற எடத்துல அந்தப் பழக்கம் கிடையாதுன்னு சொன்னாங்களே..."

மகள் தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா, கலியமூர்த்தி இருந்த பக்கத்திலிருந்து ஓரடி நகர்ந்து நின்றார். வாழ்க்கையில் சோடாகூடக் குடித்திராதவர் போல விழித்துக்கொண்டு நின்றார் கலியமூர்த்தி. என் படத்தால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறது!

பாஸ்கர் பாய்ந்து வந்தான்.

"ஐயோ சார், அது மெஷின் வந்த பெட்டி மரம் சார்! அந்த கிளாஸ் படம் போட்டா, 'உள்ள இருக்கறது ஒடையும், பாத்து எறக்கு'ன்னு அர்த்தம்! ஹார்பர்ல லோடு ஏத்தறவங்களுக்காகப் போடறது!"

சம்பந்திக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒடையிற சாமானுக்குப் போடற முத்திரைய எதுக்கு இவரு பின்னால போடணும்? இவரு என்ன ஒடையிற ஆளா?"

சரோஜாதான் பதில் சொன்னார்.

"ஆமாங்க, ஒடையிற ஆளுதான். போட்டோவுல ஓரமாப் போனதுக்கே ஒடஞ்சி போயி மூலையில ஒக்காந்தாரே, பாத்தீங்கல்ல? பொண்ண உங்க வூட்டுக்கு அனுப்பற அன்னிக்கு என்னா ஆவாரோன்னு எனக்கு இப்பவே பயமா இருக்குது. நீங்கதான் பாத்து எறக்கணும்."

சம்பந்தி சிரிக்கவில்லை. போய்க் கலியமூர்த்தியின் தோளில் கை போட்டார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. கட்டிக் குடுத்த அன்னிக்கு, மேடைக்குப் பின்னாடி போயி நின்னுட்டேன். ஃபோட்டோகிராபர் ஊரெல்லாம் தேடினான்" என்றார்.

அதன் பிறகுதான் அந்த வரிசை. குடும்பமே கன்னம் வைத்தது. அதைப் பார்த்து, கண்காட்சிக்கு வந்த மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். அடுத்து, 'மற்ற படங்களின் ஓரத்தில் யார் இருக்கிறார்கள்?' என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். டாக்டர் சமயம் பார்த்துத் தன் படத்தின் முன்னால் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். ஏறிப் பார்த்தால் கலசம். ஏறியவர்கள் சிலர் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். ஜிப்பா போட்ட ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டே, "இது திட்டமிட்டுச் செய்ததா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றான் பாஸ்கர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பாஸ்கரின் புகைபோக்கிப் படத்தை மட்டும் யாரும் சீந்தவில்லை. ஓரத்தில் ஒன்றுமே இல்லையாம்!

நாம் எல்லோருமே இப்படித்தான் போலிருக்கிறது. நேராக மாட்டி வைத்ததை நின்று பார்ப்பதில்லை. கொஞ்சம் மறைத்து வைத்தால், கழுத்து சுளுக்கினாலும் விடுவதில்லை.

சாயங்காலம் படத்தைக் கலியமூர்த்தி குடும்பத்துக்கே கொடுத்துவிட்டேன். வேன் மேலே ஏற்றினார்கள். சம்பந்தி கீழே நின்று, "பாத்து, பாத்து" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அந்தப் பக்கம் போனபோது கலியமூர்த்தி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். வாசலை ஒட்டிய சுவரில் மாட்டியிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் சட்டத்தின் பக்கவாட்டுதான் கண்ணில் படுகிறது – அதாவது, விறைப்பாக நிற்கும் கலியமூர்த்தி மட்டும். உள்ளே நுழைந்து திரும்பினால்தான் சரோஜா, படகு, சிரிப்பு எல்லாம்.

"இடம் இதுதானா கிடைச்சுது?" என்றேன்.

"சரியாத்தான் மாட்டியிருக்கு டீச்சர்" என்றார் சரோஜா. "வாசல்ல நின்னு வெறப்பாப் பேசறதுக்கு அவரு. உள்ள வந்துட்டா, எல்லாம் நான்தான்!"