திருப்பிப் போடாத பலகை

என் தங்கையின் கணவரை ஜிம்காரர்கள் எல்லாரும் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். டிரெட்மில் பழுது பார்ப்பது அவர் தொழில். மெஷினைக் கண்டதும் மூடியைத் திறக்க மாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ரோலரின் ஓரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையாவது மேலே ஏறி நடக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "பேரிங் போயிடுச்சு" என்பார். சில சமயம், "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார், உங்க முட்டிதான் போயிடுச்சு. அதை வேற கடையில காட்டுங்க" என்பார். நான் அறிந்தவரை அதுவும் தவறிப்போனதில்லை.

ஒரு விஷயத்தில் அவர் கறார். ஜிம்முக்கு ஜிம் மெஷின், வீட்டுக்கு வீட்டு மெஷின். மாற்றிக் கேட்டு வந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"வீட்டு மெஷினை ஜிம்முல போட்டா மத்தியானத்துக்குள்ள மோட்டார் சூடாகி வாடை வரும். ஜிம் மெஷினை வீட்டுல போட்டா..." என்று இழுப்பார்.

"போட்டா என்னங்க ஆகும்?"

"தனி வயர் இழுக்கணும். மடக்கி ஓரமா சாத்தி வைக்க முடியாது. மாமியார் மாதிரி, வந்தா வந்ததுதான்."

காரணங்கள் சரிதான். ஆனால் அவர் இழுத்து நிறுத்திய இடத்தில் வேறொன்று இருந்தது. அதை என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

"பெல்ட்டுக்கு அடியில ஒரு பலகை இருக்கும் மச்சான். ஒரே ஆள் வருஷக்கணக்கா நடந்தா, அவரு கால் விழுற இடம் அதுல குழிஞ்சிரும். அப்புறம் யாரு ஏறினாலும் கால் அந்தக் குழியைத் தேடித்தான் போகும். நமக்கே தெரியாது."

அதனால் பழைய மெஷின் எதுவும் இடம் மாறும்போது, அவர் முதலில் அந்தப் பலகையைக் கழற்றித் திருப்பிப் போடுவார். இரண்டு பக்கமும் மெழுகு பூசிய பலகை அது. ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கம் புதிது. இந்த வேலையை அவர் ஒரே ஒரு முறைதான் செய்யாமல் விட்டார். தன் வீட்டுக்குக் கொண்டுவந்த மெஷினில்.

தங்கைக்குப் பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. பேச்சு பிழைத்துக்கொண்டது, குறிப்பாக வாய் பிழைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், தினமும் கைப்பிடி உள்ள டிரெட்மில்லில் மெதுவாக நடக்க வேண்டும், கொஞ்ச காலத்துக்குள் கால் பழகாவிட்டால் அப்புறம் கஷ்டம் என்று சொல்லி அனுப்பினாள். அன்றிலிருந்து எங்கள் மூவருக்கும் அந்தக் காலைத் தவிர வேறு பேச்சில்லை.

முதலில் கடைக்குத்தான் போனோம். மாப்பிள்ளை நல்ல வீட்டு மெஷின் ஒன்றைக் காட்டினார். தங்கை ஏறிக் கைப்பிடியைப் பற்றியதும் முழு மெஷினும் அசைந்தது. பட்டனை அழுத்தியதும் பெல்ட் வெடுக்கென்று இழுத்தது. இறங்கிவிட்டாள்.

"நானே ஆடிக்கிட்டிருக்கேன். இதுவும் சேர்ந்து ஆடினா யாரு யாரைப் பிடிக்கிறது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஜிம் மெஷின் கனமானது. ஒருவர் முழு பாரத்தையும் கைப்பிடியில் போட்டாலும் அசையாது. ஆமை வேகத்திலும் வெட்டாமல் நகரும். அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வெகுகாலம் வேலை பார்த்த ஜிம் ஒன்றை மூடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஜன்னலோரம் இருந்த டிரெட்மில்லை அவர் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். அதில் எப்போதும் ஒரே ஒரு பெரியவர்தான் நடப்பார். வேறு மெஷின் காலியாக இருந்தாலும் ஏற மாட்டார். ஜன்னல்காரர் என்று பெயர். சின்ன வயதில் இடுப்பு எலும்பு முறிந்தவர். இடது கால் பாரமாக விழும், ஒரு சின்ன நிறுத்தம், பிறகு வலது கால் லேசாக உரசிக்கொண்டு வரும். ஜிம் மூடுவதற்குச் சில மாதம் முன்பு அவர் தன் வீட்டில், தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அந்த மெஷின் வீட்டுக்கு வந்தது. பலகையைத் திருப்ப மாப்பிள்ளை மூடியைக் கழற்றியும் விட்டார். பிறகு தேய்ந்த பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறார். கண்ணாடி மாதிரி வழவழப்பு. இழுபடுகிற காலுக்கு இதைவிட நல்லது கிடைக்காது, புதுப் பக்கத்தில் தடுக்கும் என்று நினைத்து, அப்படியே மூடிவிட்டார். தெரிந்தே விட்டதுதான் அது. தொழில் தெரியாதவருக்குப் பலகை இருப்பதே தெரிந்திருக்காது.

அவர்களுக்கு நேர் கீழ்த்தளத்தில் நான் குடியிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் என் கூரை வழியாகக் கேட்டேன். முதலில் ஒரு அடி, ஒரு நீண்ட இழுவை. பிறகு இழுவை குறைந்தது. ஒரு நாள் அது நின்றே போயிற்று. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேலே ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டும்போது, மாப்பிள்ளை என் வாசலில் நின்றார். கையில் வேலைப் பை. வெளியிலிருந்து நேராக வந்திருந்தார்.

"மச்சான், மேல யாரு நடக்கிறது?"

"வேற யாரு? தங்கச்சிதான். கேட்டீங்களா, இழுவையே இல்ல!"

அவர் சுவரில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். இடது பாரமாக விழுந்தது. ஒரு சின்ன நிறுத்தம். வலது லேசாக உரசிக்கொண்டு வந்தது.

"இது அவ இல்ல மச்சான்" என்றார். "இவரு நடக்கிறதை நான் வருஷக்கணக்கா கேட்டிருக்கேன்."

என் தங்கையின் நடை எனக்குத் தெரியும். குதிகால் தரையில் படாது. குதித்துக் குதித்துப் போவாள். அதற்காக அம்மாவிடம் வாங்காத திட்டில்லை. கூரைக்கு மேலே நடந்தது அது அல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் மேலே போனோம். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி அவள்தான் நடந்துகொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் பலகையைத் திருப்பினார். நான் பக்கத்தில் இருந்தேன். ஆகவே இது நான் கண்ணால் பார்த்தது. மேல் பக்கத்தில் இரண்டு குழிகள் இருந்தன. இடது ஆழம், வலது மேலாக. மறுபக்கம் அதுவரை பெல்ட்டையே பார்க்காத பக்கம். அந்தப் பலகையை ஜிம்மில் புதிதாகப் பொருத்தியதே அவர்தான். கம்பெனி பூசிய மெழுகு மங்காமல் இருந்தது. அந்த மெழுகுக்குக் கீழே, அதே இரண்டு குழிகள். இடது ஆழம், வலது மேலாக.

மாப்பிள்ளை குழியில் விரலை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"இதைத் தூக்கிப் போட்டுடறேன்" என்றார்.

சோபாவிலிருந்து தங்கை கேட்டாள்: "எதுக்கு?"

அவர் சொன்னார். ஒன்றும் மறைக்கவில்லை. அவள் பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நடை வந்துச்சா இல்லையா? யாரோடதா இருந்தா உனக்கென்ன?"

"நீ நடக்கிற மாதிரி இல்லையேம்மா."

"நான் நடக்கிற மாதிரி நடக்க எனக்குக் கால் எங்க இருக்கு? அண்ணா, நீயாவது சொல்லேன் இந்த மனுஷனுக்கு."

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வீட்டு மெஷின் ஒன்று வாங்கிப் போடுவது. அதில் நடந்து பார்ப்பது. அவளுடைய நடை திரும்பினால் இது போகட்டும். இழுவை திரும்பினால் இது இருக்கட்டும்.

அடுத்த வாரம் மூவரும் கடைக்குக் கிளம்பினோம். தெருவில் அவள் எங்கள் முன்னால் நடந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குள் நுழைந்தோம். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒரு வயதான பெண்மணி பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தங்கை நடந்து வந்த சத்தம் கேட்டதும், திரும்பாமலே சொன்னார்:

"வந்துட்டீங்களா? மூக்குக்கண்ணாடியை மறுபடி வீட்டுலயே வெச்சுட்டேங்க. இந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

சொல்லிக்கொண்டே சீட்டைப் பின்னால் நீட்டினார். பிறகுதான் அவர் கை அப்படியே நின்றது. மெல்லத் திரும்பினார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்தார். மழை நாட்களில் ஜன்னல்காரருக்குக் ஜிம்முக்குக் குடை கொண்டு வந்த அவர் வீட்டம்மா இவர்தான் என்று பிறகு சொன்னார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார் அந்தப் பெண்மணி. "அந்த வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?"

தங்கை கைப்பையை என்னிடம் கொடுத்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு அடியும் கேட்கும்படி நடந்தாள். அந்தப் பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கண்ணைத் திறந்ததும் அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"இடது செருப்பு சீக்கிரம் தேஞ்சிடும். அது மட்டும் பார்த்துக்குங்க."

வெளியே வந்ததும் தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு இடது செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். கடைக்குப் போவதற்கென்றே அன்று காலை டப்பாவிலிருந்து எடுத்த புதுச் செருப்பு. குதிகாலின் வெளி ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. எங்களுக்கும் காட்டினாள். பிறகு மாட்டிக்கொண்டாள்.

"கடை இந்தப் பக்கம்மா" என்றார் மாப்பிள்ளை.

"தெரியும். வீடு அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

நாங்கள் பின்னால் போனோம். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். மாப்பிள்ளையின் இடது காலும் பாரமாக விழுந்துகொண்டிருந்தது. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. குனிந்து என் காலைப் பார்க்கவும் இல்லை.