மெஷினில் தெரியாத வலி

மரியசெல்வி டீச்சர் பொய் சொல்ல மாட்டார் என்பது திண்டுக்கல்லில் அவர் வரலாறு நடத்திய பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒருமுறை சக ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் ஒரு பையனுக்குக் காதில் ரத்தம் வந்துவிட்டது. பையன் தானாக விழுந்தான் என்று ஸ்டாஃப் ரூமே சாதித்தது. பார்த்ததைப் பார்த்தபடி விசாரணையில் சொன்னவர் இவர் ஒருத்தர்தான். அதன்பிறகு வெகுகாலம் அவரோடு உட்கார்ந்து யாரும் டீ குடிக்கவில்லை. அவர் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவரிடம்தான், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, உனக்கு வலிக்கவே இல்லை என்று ஆளாளுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். கணவர் பாக்கியராஜ் பம்புசெட் சாமான் கடையைப் பூட்டிவிட்டு வந்து வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். மயக்க மருந்து ஏறியதும் மரியசெல்விக்குக் கண் சொருகியது. பிறகு திடீரென்று விழிப்பு வந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. விரல் அசையவில்லை. மூச்சைக்கூட ஏதோ ஒரு இயந்திரம்தான் இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் இரும்பு போன்ற ஒன்று புகுந்து எதையோ பற்றிப் பிய்த்தது. கத்தினார், கத்தல் தொண்டையைத் தாண்டவில்லை. பக்கத்தில் சர்ஜன் ஈஸ்வரன் சிறுமலையில் தான் வாங்கிப் போட்ட தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மழையில் வேலி சாய்ந்து, காட்டுமாடு புகுந்து மிளகுக்கொடியை மிதித்துவிட்டதாம். காவலாளி மாட்டுக்குப் பயந்து மரத்தில் ஏறிக்கொண்டதைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மரியசெல்வி, தன்னைச் சாகவிடும்படி மாதாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பார்க்க வந்த ஈஸ்வரனிடம் நடந்ததைச் சொன்னார். கனவாக இருக்கும், மயக்க மருந்தில் அப்படியெல்லாம் வருவதுண்டு என்று அவர் சிரித்தார். மரியசெல்வி தோட்டத்தைச் சொன்னார், சாய்ந்த வேலியைச் சொன்னார், மரத்தில் ஏறிய காவலாளியைச் சொன்னார். சர்ஜனின் சிரிப்பு நின்றுபோனது. குரலை மாற்றிக்கொண்டார்.

"காதுல விழுந்திருக்கலாம் டீச்சர். ஆனா வலிச்சிருக்காது. வலின்னு தனியா ஒண்ணும் கிடையாது, உடம்புலயும் மூளையிலயும் நடக்கிறதுதான் வலி. அப்படி ஏதாச்சும் நடந்திருந்தா மானிட்டர்ல ஏறியிருக்கும். நாடி, பிரஷர் எல்லாம் சீராத்தான் இருந்துச்சு."

"வலிச்சது எனக்கு டாக்டர். மானிட்டருக்கு இல்ல."

அவர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியே பாக்கியராஜைக் கூப்பிட்டு, டீச்சரை ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டினால் நல்லது என்றார். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் கிடந்தபடி மரியசெல்வி எல்லாவற்றையும் கேட்டார்.

உடம்பு கொதித்தது அவருக்கு. காட்டுமாட்டுக் கதைக்குச் சாட்சி சொல்ல ஆள் இருந்தது, அதனால் அது உண்மை. வலிக்கு அவரைத் தவிர யாரும் சாட்சியில்லை, அதனால் அது இல்லவே இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

வீட்டுக்கு வந்த பிறகு மல்லாந்து படுக்க முடியவில்லை. முகத்துக்கு மேல் போர்வை வந்தால் உதறிக்கொண்டு எழுந்தார். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தால் பாடம் மறந்துபோனது. உயிரோடு வந்ததே பெரிசு, விட்டுத்தள்ளு செல்வி என்று பாக்கியராஜ் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலும் அவருக்கு அவமானமாகப் பட்டது.

கோயிலில் சொல்லிப் பார்த்தார். பங்குச்சாமியாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆன்மா வேறு, உடல் வேறு என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம் என்றார். உடல் உறங்க, ஆன்மா விலகி நின்று பார்த்திருக்கிறது. செபக்கூட்டத்தில் வந்து சாட்சியம் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மரியசெல்வி எழுந்துவிட்டார்.

"நான் விலகி எங்கயும் நிக்கல சாமி. விலக முடிஞ்சிருந்தா விலகியிருக்க மாட்டேனா? அந்தச் சதைக்குள்ளதான் கிடந்தேன்."

ஒருவர் அவரை வெறும் உடம்பாக்கினார். இன்னொருவர் உடம்பே இல்லாமல் ஆக்கினார். என்ன நடந்தது என்று அவரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்தவரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். நிர்வாகி வந்து தணிந்த குரலில் பேசினார், பிறகு மிரட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட மரியசெல்வி எழவில்லை. மயக்க மருத்துவர் அப்துல் ஹக்கீம் அவரிடம் பேசக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லி வைத்திருந்தார்கள் போல. அன்று அவர் கண்ணிலேயே படவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் அழைக்காமல், அவராகவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

நாற்பது வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. கொடுத்த காபியைத் தொடாமல் பேசினார். உடம்பை அசையவிடாமல் கட்டிப்போடும் மருந்து வேலை செய்திருக்கிறது. தூங்கவைக்கும் வாயு நடுவில் குறைந்திருக்கிறது. பிரஷருக்கு டீச்சர் சாப்பிடும் மாத்திரை நாடித்துடிப்பையும் பிரஷரையும் சட்டென்று ஏறவிடாது, அதனால்தான் மானிட்டர் அமைதியாக இருந்தது. அதைத் தான் யோசித்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அப்படியென்றால் தான் விழித்திருந்ததை எந்த மெஷினும் காட்டாதா என்று மரியசெல்வி கேட்டார். அடையாளங்களைக் காட்டும், உணர்வைக் காட்டாது என்றார் ஹக்கீம். இத்தனை சதைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் 'நான்' என்கிற உணர்வு எப்படி வருகிறது என்பது இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. மூளையின் வேலைதான் மனம், வேறொன்றுமில்லை என்கிறார்கள் சிலர். மனம் தனிப்பொருள், உடம்பில் குடியிருக்கிறது என்கிறார்கள் சிலர். கல்லிலும் மண்ணிலும்கூடத் துளியளவு உணர்வு இருக்கிறது, அதெல்லாம் சேர்ந்துதான் நாமானோம் என்பவர்களும் உண்டு. எத்தனையோ நூறு வருடமாக நடக்கிற வழக்கு, இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றார்.

கேட்கக் கேட்க மரியசெல்விக்கு முகம் சிவந்தது.

"அம்புட்டுப் பேரு இம்புட்டுக் காலமாப் பேசியும் முடியல. உங்க பெரிய டாக்டர் மட்டும் என் கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டே தீர்ப்புச் சொல்லிட்டாரு. அது எப்படி?"

ஹக்கீம் தலைகுனிந்தபடி சொன்னார். "உங்களுக்கு வலிச்சதை நான் தெரிஞ்சுக்க வழியே இல்ல டீச்சர். ஆனா நம்புறேன்."

"இங்க சொல்லி என்ன ஆகப்போகுது? அங்க போய்ச் சொல்லுங்க."

அவர் போய்ச் சொன்னார். ஈஸ்வரன் இருந்த டாக்டர்கள் கூட்டத்திலேயே, தன் தவறையும் சேர்த்துச் சொன்னாராம். கசப்பு பெரிதாகி, வருடக் கடைசியில் அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறவேண்டி வந்தது. ஆனால் அதற்குள் ஒன்று நடந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து தெளிகிற ஒவ்வொருவரிடமும், கடைசியாக என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது தெரிந்ததா என்று நர்ஸ்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஈஸ்வரன் மட்டும் மரியசெல்வியிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கடைத்தெருவில் ஒருநாள் எதிரே பார்த்து, டீச்சர் சௌக்கியமா என்று கேட்டார். மரியசெல்வி நின்று, சௌக்கியமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்து வந்த வைகாசியில் கன்னிவாடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பாக்கியராஜின் தம்பி, அண்ணி முழித்துக்கொண்டே ஆபரேஷன் பண்ணிக்கொண்ட ஆள் என்று கேலி பேச, வரிசையே சிரித்தது. பாக்கியராஜ் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அவளுக்கு வலிச்சுச்சுடா. அவ சொல்றா. அதுக்கு மேல என்னடா வேணும் ஒனக்கு?"

சிரிப்பு அடங்கியது. மரியசெல்வி நிமிர்ந்து கணவரைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு சாப்பிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் மரியசெல்வி அவர் பக்கம் திரும்பினார்.

"இதை ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கணும் நீங்க."

"ஆமா" என்றார் பாக்கியராஜ்.