நனைந்த மருந்து

நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்து தீப்பற்றாவிட்டால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம்தான் கேட்கும். மருந்துக்குப் பொறி கொடுக்கும் கேப் மட்டும் வெடித்து அடங்கிவிடும். படாளத்தில் எங்கள் கரும்புக் கொல்லையில் ஒரு விடியற்காலை அதைக் கேட்டேன். இன்றும் சமையலறையில் ஏதாவது அப்படித் தட்டுப்பட்டால் என் கை நின்றுவிடுகிறது.

துப்பாக்கி என் கணவரின் அண்ணனுடையது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கவென்று லைசென்ஸ் வாங்கியிருந்தார். குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய வகை. கொக்குக்குப் போடும் சில்லறை ரவையைப் பன்றிக்குப் போடவே மாட்டார். "காயம் பட்ட பன்னி ஆளைத் தேடிக்கினு வரும்மா. ஒத்த குண்டு, அதுக்கேத்த மருந்து. போனா ஒரேடியா உசுரு போவணும்" என்பார். மருந்து குறைந்தால் குண்டு தோலோடு நின்றுவிடும், கூடினால் குழலே பிளந்துவிடும் என்று அப்படி ஒரு கறார். "கொழம்புக்கு உப்பு போடறவங்க கூட இவ்ளோ பாக்கமாட்டாங்க" என்று என் கணவர் அவரைச் சீண்டுவார். இருவரும் சிரிப்பார்கள்.

அந்த ஐப்பசி இரவு முழுக்கச் சாரல். மாலையிலேயே கெட்டித்து வைத்த துப்பாக்கி நனைந்துபோனதை மாமா எப்படியோ கவனிக்கவில்லை. விடிந்தும் விடியாத வேளையில் காவல் கொட்டாய்க்கு நான் டீ கொண்டுபோனேன். என் கணவர் கல்பாக்கத்து வேலைக்கு பஸ் ஏறிவிட்டார் என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். கரும்பு அடித்தூரில் அசைந்தது. பன்றிதான் என்று மாமா குறி பார்த்து விசையை இழுத்தார். 'டப்' என்றது. உடனே உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"அண்ணா, பஸ்ஸு போயிட்ச்சி. இங்க தண்ணி பைப்பு வேற புடுங்கிக்கினு கீது."

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அவன்கிட்ட சொல்லாதம்மா" என்றார். நான் சொல்லவில்லை.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். தம்பியோடு ஒரே பந்தியில் உட்காருவதையும் விட்டார். எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவார். தம்பியை மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். என் கணவர் முதலில் தவித்தார், பிறகு கோபப்பட்டார், கடைசியில் வெறுத்தார். "அண்ணனாம் அண்ணன். நான் செத்தாதான் அவருக்கு நிம்மதி" என்று என்னிடம் சொல்வார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் மாமாவின் அன்றைய முகத்தைப் பார்த்த பிறகு வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் மாமா போய்விட்டார். என் கணவர் சாவு வீட்டில் ஓரமாக நின்றுவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் திரும்பினார். அதை என்னால் தாங்க முடியவில்லை. காரியம் முடிந்த அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சுவரில் சாய்ந்து வெகுநேரம் அழுதார். பிறகு கேட்டார்.

"இத்தினி வருசம் நான் அவரைத் திட்டிக்கினே இருந்தேன். எல்லாம் தெரிஞ்சும் நீ கேட்டுக்கினு இருந்தியா?"

அன்றிலிருந்து நான் சோறு போடும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.