நோட்டீஸ் கொடுத்த மேயர்

தாணுமாலையன் இருபது வருஷம் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி, தொண்ணூற்றாறில் மேயர் ஆனவர். களக்காட்டில் கூலிக்கு உழுதவரின் மகன். சிபாரிசு கேட்டு ஒருத்தர் வீட்டுப் படியும் ஏறாமல் மேலே வந்த மனிதர்.

மறு வருஷக் கோடையில் ஒரு சோடாக் கம்பெனி குடிநீர்க் குழாயில் திருட்டு மோட்டார் வைத்ததால் ஒரு தெருவே வறண்டு கிடந்தது. மோட்டாரை அன்றைக்கே பிடுங்கியிருக்க வேண்டும். நாலாம் வகுப்போடு நின்ற நமக்கே தெரிகிற காரியம். அவரோ, எதிராளி சொல்வதையும் கேட்பதுதான் சட்டம் என்று ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்தார். ஆறாம் நாள், அவரிடமே படித்த வக்கீல் டார்லின் கம்பெனிக்காகத் தடையாணை வாங்கிவிட்டான். மேயரே கோர்ட்டில் போய் நின்று மன்றாடிப் பார்த்தார். வழக்கைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தார்கள்.

வாசலில் டார்லின் கும்பிட்டான். “எல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார்.”

தண்ணீர் வராத தெருவில் பெண்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். “தண்ணி எப்பம் வரும் மேயரய்யா?” என்றாள் சண்முகசுந்தரி.

“பதினஞ்சு நாள் பொறுத்துக்கோ தாயி.”

“பிள்ளைக்கு வயித்தால போவுது. அதுக்கும் ஒரு நோட்டீஸ் கொடுங்க, நிக்கட்டும்.”

அவர் காரை அனுப்பிவிட்டு, அவள் குடத்தை வாங்கித் தோளில் வைத்து ஆற்றுக்கு நடந்தார். அந்த ஒரு குடம் தண்ணீர்தான் அன்றைக்கு மேயரால் முடிந்தது.