புளி போட்டு மினுக்கிய மாடு

போன மாதம் நான் மன்னாருக்குப் போனது போனில் வந்த ஒரு மங்கலான படத்தை நம்பி. பள்ளிமுனை மீனவர் மரியதாஸ் அண்ணன் மாந்தைப் பக்கம் நண்டு வலை இழுத்தபோது, சேற்றோடு ஒரு வெண்கல மாடு வந்திருந்தது. பெருவிரல் நகமளவுதான். படத்தில், பச்சைக் களிம்பு பிடித்த வயிற்றில் சில கீறல்கள். எனக்கு அவை எழுத்தாகவே பட்டன. பழைய மாந்தைத் துறைக்கு இந்தியக் கரைகளிலிருந்து கப்பல்கள் வந்துபோன காலத்தில், ஏதோ ஒரு வணிகர் மடியில் முடிந்துகொண்டு வந்ததாக இருக்கலாம். எழுத்தை வாசித்தால் அவரது ஊர் தெரியும், பேர்கூடத் தெரியலாம். "சனிக்கிழமை பார்க்க வாறன்" என்று போனில் சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஆறு மணி பஸ். பூநகரி வழியாக நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். வலப்பக்கம் இருந்தால் வெயில் குறைவு. மன்னார் பஸ் நிலையத்திலிருந்து பள்ளிமுனைக்கு ஓட்டோ முந்நூறு ரூபா.

"அந்தத் தங்க மாட்டு வீட்டுக்கோ?" என்றார் ஓட்டோக்காரர்.

"தங்கமில்லை, வெண்கலம்."

"நேற்றுக் கண்டனான். தங்கம் மாதிரித்தான் மின்னுது."

களிம்பு பிடித்த மாடு எப்படி மின்னும் என்று யோசித்தபடி ஓட்டோவில் ஏறினேன்.

அண்ணனின் மனைவி ஜெசிந்தா அக்கா நான் இருக்கக் கதிரையை இழுத்துப் போட்டு, மாட்டை ஒரு தேநீர்ச் சோசரில் வைத்துக் கொண்டுவந்தார். பளபளவென்றிருந்தது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

"யாழ்ப்பாணத்திலயிருந்து ஆள் வருது எண்டு இவர் சொன்னவர். ஊத்தையோட எப்பிடிக் காட்டுறது, தம்பி? திருநாளுக்குக் கோயில் மெழுகுதிரித் தண்டு மினுக்கிற மாதிரி, புளியும் செங்கல் தூளும் போட்டு நல்லாத் தேய்ச்சனான்."

பழைய வெண்கலத்தில் எழுத்து பெரும்பாலும் களிம்போடுதான் ஒட்டியிருக்கும். களிம்பு போனால் அதுவும் போய்விடும். எனக்கு இது தெரியும். போனில் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை.

"இப்ப சொல்லுங்கோ, எங்கத்தைய மாடு இது?" மரியதாஸ் அண்ணன் ஆவலோடு கேட்டார்.

"தெரியாது அண்ணை. வயித்தில இருந்த கீறலை வாசிச்சிருந்தால் சொல்லியிருக்கலாம்."

அக்கா சோசரைப் பார்த்தார். "நான் தேய்ச்சதாலயோ?"

"இல்லை அக்கா. நான் சொல்லாததால."

அவர் நம்பவில்லை. தேநீர் தந்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டைத் தொல்பொருள் திணைக்களக் கந்தோரில் கொடுப்பதாக அண்ணன் சொன்னார். சட்டமும் அதுதான். எழுத்தில் மிச்சமிருப்பது என் போனிலுள்ள மங்கலான படம் மட்டுமே. எவ்வளவு பெரிதாக்கினாலும் வாசிக்க முடியவில்லை.

இப்படி ஒரு வீட்டுக்குப் பழைய பொருள் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பதைப் பிறகு சொல்லுங்கள். "கழுவாதேங்கோ" என்பதை முதலில் சொல்லுங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்பதற்காகத்தான் அவர்கள் கழுவுவார்கள்.